லூயிஸ் ஆம்ஸ்ட்ராங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெயர் லூயிஸா, லூயியா? ‘சாட்ச்மோ’ எங்கிருந்து வந்தது?

ஜாஸ் ட்ரம்பெட் வாசிப்பாளரும் பாடகருமான ஆம்ஸ்ட்ராங்கின் பெயருக்கு இரண்டு உச்சரிப்பும் புழக்கத்தில் உண்டு. 1963 டிசம்பரில் பதிவான ‘ஹலோ, டாலி!’ பாட்டில் தன் பெயரைச் சொல்லும் இடத்தில் அவரே ‘ஸ்’ தெளிவாகக் கேட்கும்படி ‘லூயிஸ்’ என்கிறார். அதனால் இங்கேயும் லூயிஸ். கூட வாசித்தவர்களுக்கு அவர் ‘பாப்ஸ்’. அகன்ற வாயைக் கேலி செய்து சின்ன வயதில் வைத்த பெயர்களும் உண்டு: ‘டிப்பர்மவுத்’ என்றால் அகப்பை வாய், ‘சாட்செல்மவுத்’ என்றால் பை வாய். 1932இல் லண்டனில் போய் இறங்கியபோது ‘மெலடி மேக்கர்’ இதழின் ஆசிரியர் பெர்சி புரூக்ஸ் இரண்டாவது பெயரைக் குழறி ‘சாட்ச்மோ’ என்று கூப்பிட்டார். ஆம்ஸ்ட்ராங்குக்கு அது பிடித்துப்போனது, நிலைத்தும்விட்டது.

பிறந்த தேதி புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறதே, எது சரி?

1901 ஆகஸ்ட் 4. வாழ்நாள் முழுக்க அவர் சொல்லிவந்தது 1900 ஜூலை 4, அமெரிக்க விடுதலை நாள். அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1980களில், டேட் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் நியூ ஆர்லியன்ஸ் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டில் சரியான தேதியைக் கண்டுபிடித்தார். பழைய இசைத்தட்டு உறைகளில் 1900 என்று பார்த்தால் அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். அவர் சொன்னதை அப்படியே அச்சிட்டிருக்கிறார்கள்.

சீர்திருத்தப் பள்ளியில்தான் வாசிக்கக் கற்றுக்கொண்டாரா?

பாதி உண்மை. லூயிஸ் குழந்தையாக இருக்கும்போதே அப்பா வில்லியம் விலகிப் போய்விட்டார். முதல் சில ஆண்டுகள் பாட்டி வளர்த்தார், பிறகு அம்மா மேயன். சிறுவயதில் கார்னோஃப்ஸ்கி என்ற லிதுவேனிய யூதக் குடும்பத்தின் வண்டியில் பழைய சாமான் வாங்கவும் நிலக்கரி விற்கவும் கூடப் போனார். ஆட்களைக் கூப்பிட வண்டியில் ஒரு தகர ஊதல் இருந்தது. அதன் முனையைக் கழற்றிவிட்டு வெறும் குழாயிலேயே மெட்டு எழுப்பிப் பார்த்திருக்கிறார். அடகுக் கடையில் கிடந்த 5 டாலர் கார்னெட்டை, ட்ரம்பெட் போன்ற ஊதுவாத்தியம் அது, வாங்க முன்பணம் கொடுத்ததும் அந்தக் குடும்பம்தான்.

1912 டிசம்பர் 31 இரவு, புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் துப்பாக்கியை எடுத்து வெற்றுத் தோட்டாவை வானத்தில் சுட்டார். போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. மறுநாளே கறுப்பினச் சிறுவர்களுக்கான விடுதியில் போட்டார்கள். வயது 11. அங்கே இசை ஆசிரியர் பீட்டர் டேவிஸ் எடுத்த எடுப்பில் கார்னெட்டைக் கையில் கொடுத்துவிடவில்லை. முதலில் டாம்பரின், பிறகு டிரம், ஆல்ட்டோ ஹார்ன், அதற்குப் பிறகு விடுதியில் எழுப்பவும் சாப்பிடக் கூப்பிடவும் ஊதும் பியூகிள், கடைசியில்தான் கார்னெட். வரிசை தற்செயலாக அமைந்திருக்கலாம், ஆனால் நல்ல வரிசை. தாளம் கையில் உட்கார்ந்தது, பக்க மெட்டு காதில் ஏறியது. பியூகிளில் ஸ்வரம் மாற்ற விரலால் அழுத்தும் வால்வே கிடையாது, ஒவ்வொரு ஸ்வரத்தையும் உதட்டாலேயே எடுக்க வேண்டும். 1914 ஜூனில் வெளியே வந்தபோது அவருக்கு உதடு தயாராகியிருந்தது. பாட்டு இன்னும் தயாராகவில்லை.

பாட்டைக் கொடுத்தவர் கார்னெட் வாசிப்பாளர் ஜோ ‘கிங்’ ஆலிவர். ஆலிவரின் மனைவிக்குக் கடைகண்ணிக்குப் போய்வருவார் பையன், பதிலுக்குப் பாடம். ‘அலங்காரம் எல்லாம் அப்புறம், முதலில் மெட்டை வாசி’ என்பதுதான் ஆலிவரின் பாடத்தின் சாரம். கடைசிவரை ஆம்ஸ்ட்ராங் அதை விடவில்லை.

அவருக்கு இசைக்குறிப்பு படிக்கத் தெரியாதாமே?

தெரியும். ஆரம்பத்தில் தெரியாது என்பதால் வந்த கதை இது. 1918இல் ஆலிவர் சிகாகோ போனதும் கிட் ஓரியின் பேண்டில் அந்த இடம் ஆம்ஸ்ட்ராங்குக்கு வந்தது. அதன்பின் மிசிசிப்பி ஆற்றில் ஓடும் நீராவிக் கப்பல்களில் ஃபேட் மாராபிள் நடத்திய பேண்டில் 1921 வரை வாசித்தார். கப்பலில் நடனத்துக்கு வாசிக்க அச்சிட்ட தாள் வரும். படிக்கத் தெரியாதவனுக்கு அங்கே வேலை இல்லை. பேண்டில் இருந்த டேவிட் ஜோன்ஸ் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். 1924இல் நியூயார்க்கில் ஃபிளெட்சர் ஹெண்டர்சன் பேண்டில் சேர்ந்தபோது தாளைப் பார்த்து வாசிப்பதில் இன்னும் கொஞ்சம் தடுமாற்றம் இருந்தது. அவ்வளவுதான்.

கார்னெட்டா, ட்ரம்பெட்டா? என்ன வித்தியாசம்?

முதலில் கார்னெட், 1926 வாக்கில் ட்ரம்பெட். சிகாகோவின் வெண்டோம் திரையரங்கில் மௌனப்படங்களுக்கு வாசித்த எர்ஸ்கின் டேட் இசைக்குழுவில் இருந்தபோது மாறினார்.

இரண்டிலும் குழாயின் நீளம் ஒன்றுதான், ஏறக்குறைய 148 செ.மீ. கார்னெட்டில் குழாய் ஊதும் முனையிலிருந்து ‘மணி’ எனப்படும் விரிந்த மறுமுனை வரை பெரும்பகுதி விரிந்துகொண்டே போகும், சுருட்டும் நெருக்கம். அதனால் ஓசை உருண்டையாக, மெத்தென்று இருக்கும். ட்ரம்பெட்டில் பெரும்பகுதி ஒரே விட்டம், ஓசை கூர்மையாகப் பாயும். பெரிய அரங்கில் ஒலிபெருக்கி இல்லாமல் கடைசி வரிசைவரை போக ட்ரம்பெட் வசதி. 1923 முதல் 1925 வரை வந்த தட்டுகளில் கேட்பது கார்னெட். 1928 தட்டுகளில் கேட்பது ட்ரம்பெட்.

இன்னொரு குழப்பமும் அடிக்கடி வரும். இரண்டுமே பி-ஃபிளாட் வாத்தியங்கள். தாளில் ‘சி’ என்று எழுதியிருப்பதை ஊதினால் கீபோர்டில் பி-ஃபிளாட் சேரும். அவருடைய புகழ்பெற்ற உச்ச ஸ்வரங்களான ‘ஹை சி’க்களைக் கீபோர்டில் தேடுகிறவர் ஒரு முழு ஸ்வரம் கீழே, 932 ஹெர்ட்ஸ் பக்கம் தேட வேண்டும்.

மரபு ஜாஸ் பேண்டில் ட்ரம்பெட்டின் வேலை என்ன?

மெட்டைத் தூக்கிப்பிடிப்பது. நியூ ஆர்லியன்ஸ் பாணியில் முன்வரிசையில் மூன்று பேர். ட்ரம்பெட் நடு ஸ்தாயியில் மெட்டை வாசிக்கும். கிளாரினெட் அதற்கு மேலே கொடிபோலச் சுற்றி ஓடும். ட்ராம்போன் கீழே இருந்து வழுக்கி ஏறி இறங்கி இடைவெளிகளை அடைக்கும். பின்னால் பாஞ்சோ, பியானோ, டியூபா, டிரம். மூன்று பேரும் ஒரே நேரத்தில் கற்பனையாக வாசித்தும் சந்தைக்கடை ஆகாமல் இருப்பதற்குக் காரணம், ஒவ்வொருவரும் தன் ஸ்தாயியை விட்டு நகராததுதான். ட்ரம்பெட்காரர் உற்சாகத்தில் மேலே ஏறி ஓட ஆரம்பித்தால் கிளாரினெட்டுக்கு இடமில்லை, பேண்டு அங்கேயே கலங்கிப்போகும். புதிதாகத் தொடங்கும் குழுக்களில் பெரும்பாலும் நடக்கும் தவறு இதுதான்.

ஆலிவர் பேண்டில் இரண்டு கார்னெட் எதற்கு? முதல் பதிவு எப்படி நடந்தது?

1922 ஆகஸ்டில் ஆலிவரின் தந்தி கிடைத்து ஆம்ஸ்ட்ராங் சிகாகோவுக்கு ரயில் ஏறினார். லிங்கன் கார்டன்ஸ் அரங்கில் இரண்டாவது கார்னெட். பேண்டு முழுக்க நின்றுபோகும் இரண்டு பார் இடைவெளிகளில், பார் என்றால் தாளத்தில் நான்கு அடி, குருவும் சீடனும் இரண்டு குரலாகச் சேர்ந்து ஒரு வரியை வீசுவார்கள். ஒத்திகை இல்லை. ஆலிவர் சற்று முன்பே அந்த வரியின் சாயலைக் காட்டிவிடுவார், ஆம்ஸ்ட்ராங் நொடியில் அதற்குத் துணைவரி கட்டிக்கொள்வார். கேட்கவந்த வாத்தியக்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றது இதற்குத்தான்.

1923 ஏப்ரலில் இண்டியானா மாநிலம் ரிச்மண்டில் ஜென்னட் நிறுவனத்துக்காக முதல் பதிவு. பியானோ தொழிற்சாலை வளாகத்தில் இருந்த அறை, பக்கத்திலேயே தண்டவாளம். ரயில் வந்தால் வேலையை நிறுத்த வேண்டும். மைக் கிடையாது. பெரிய கூம்பு ஒன்றின் வழியாக ஓசை போய், அதன் மறுமுனையில் உள்ள ஊசியை அதிரவைத்து மெழுகில் கோடு கீறும். ஓசையைக் கூட்டிக் குறைக்க ஒரே வழி ஆளை நகர்த்துவது. ஆம்ஸ்ட்ராங்கின் ஊதல் ஆலிவரை அமுக்கிவிட்டதால் அவரைப் பல அடி தள்ளி நிறுத்தினார்கள். பெரிய டிரம் அடித்தால் ஊசி குதித்துவிடும் என்பதால் டிரம்காரருக்கும் முழு செட் கிடையாது. அந்தத் தட்டுகளில் டிரம் ஒழுங்காகக் கேட்கவில்லையே என்று குறைப்படுபவர்களுக்கு இதுதான் பதில். ‘சைம்ஸ் புளூஸ்’ தட்டில் அவருடைய முதல் தனி வாசிப்பு இருக்கிறது, 24 பார்.

அந்த பேண்டின் பியானோகாரர் லில் ஹார்டினை 1924 பிப்ரவரியில் மணந்தார். ‘இரண்டாவது கார்னெட்டாகவே கிடந்தால் கிடந்ததுதான்’ என்று அவரை வெளியே தள்ளியது லில்தான். ஆலிவரைக் குறை சொல்லாதவர் ஆம்ஸ்ட்ராங், அவராகக் கிளம்பியிருக்க மாட்டார்.

ஹாட் ஃபைவ், ஹாட் செவன் என்றால் என்ன? ஏன் இவ்வளவு பேச்சு?

ஓகே என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காகச் சிகாகோவில் சேர்த்த பதிவுக் குழுக்கள். ஹாட் ஃபைவின் முதல் பதிவு 1925 நவம்பர் 12. ஆம்ஸ்ட்ராங், ட்ராம்போனில் கிட் ஓரி, கிளாரினெட்டில் ஜானி டாட்ஸ், பாஞ்சோவில் ஜானி செயிண்ட் சிர், பியானோவில் லில். மேடைக் குழு அல்ல. இரவுக் கச்சேரிகள் எல்லாம் வேறு வேறு பேண்டுகளோடு நடந்தன. 1927 மேயில் பீட் பிரிக்ஸின் டியூபாவும் பேபி டாட்ஸின் டிரம்மும் சேர்ந்து ஹாட் செவன் ஆனது. மைக் வந்துவிட்டதால் இந்த இரண்டையும் ஊசி தாங்கியது.

இவற்றின் முக்கியத்துவம் ஒரே இடத்தில் கேட்கும். 1927 மே 10 பதிவான ‘பொட்டேட்டோ ஹெட் புளூஸ்’ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ட்ரம்பெட் தனி வாசிப்பு 32 பார். பேண்டு இரண்டு பாருக்கு ஒருமுறை, முதல் அடியில் மட்டும் ‘டக்’ என்று தட்டிவிட்டு வாயை மூடிக்கொள்கிறது. நடுவே ஏழு அடி வெற்றிடம். தாளத்தை யாரும் போட்டுக் காட்டுவதில்லை. ஆம்ஸ்ட்ராங் அந்த வெற்றிடத்தில் அடிக்குப் பின்னால் தங்கி, முன்னால் தாவி, வரிகளை நடுவில் தொடங்கி, ஆனாலும் அடுத்த ‘டக்’கில் சரியாக வந்து நிற்கிறார். கைத்தட்டிக்கொண்டே கேட்டுப் பாருங்கள். தாளம் நம் கையில் தடுமாறும், அவரிடம் தடுமாறாது. எல்லோரும் சேர்ந்து வாசிக்கும் இசையாக இருந்த ஜாஸ், ஒருவர் முன்னால் வந்து தன் கற்பனையை விரிக்கும் இசையாக மாறியதற்கு இந்த ஒரு நிமிடத்துக்கும் குறைவான வாசிப்பு போதிய சாட்சி.

‘ஹீபி ஜீபீஸ்’ பதிவில் தாள் கீழே விழுந்ததால்தான் ஸ்கேட் பாட்டு பிறந்ததா?

1926 பிப்ரவரி 26 பதிவு. பாட்டு எழுதிய தாள் நழுவி விழுந்தது, நிறுத்த மனமில்லாமல் பொருளற்ற அசைகளைப் பாடினேன் என்று அவர் சொன்னார். கேட்டால் யாரோ திடுக்கிட்ட குரல் அல்ல அது, சுகமாகப் பாடுகிற குரல். ஸ்கேட் அதற்கு முன்பே தட்டுகளில் இருந்தது. அதை ஊரெல்லாம் பரப்பியது இந்தத் தட்டு.

நம் கொன்னக்கோலோடு ஒப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொன்னக்கோலில் சொற்கட்டுகள் மிருதங்கத் தட்டுக்குப் பொருந்தி வரும், பாடம் உண்டு. ஸ்கேட்டில் அசைக்கு அப்படி இலக்கணம் இல்லை. ட்ரம்பெட்டில் என்ன வாசிப்பாரோ அதையே வாயால் வாசிக்கிறார்.

‘வெஸ்ட் எண்ட் புளூஸ்’ பற்றி எல்லோரும் சொல்கிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும்?

1928 ஜூன் 28, சிகாகோ. இயற்றியவர் கிங் ஆலிவர். பியானோவில் எர்ல் ஹைன்ஸ், ட்ராம்போனில் ஃபிரெட் ராபின்சன், கிளாரினெட்டில் ஜிம்மி ஸ்ட்ராங், பாஞ்சோவில் மான்சி கார், தாளத்தில் ஸட்டி சிங்கிள்டன். மொத்தம் 3 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். 10 அங்குலத் தட்டில் ஒரு பக்கம் அதற்குமேல் கொள்ளாது.

தொடக்கத்தில் துணையே இல்லாமல் ட்ரம்பெட் மட்டும், ஏறக்குறைய 12 விநாடி. முதல் நான்கு ஸ்வரங்கள் சம அளவில், அடி அடியாக. தாளம் எது என்று அந்த நான்கிலேயே காதில் விழுந்துவிடும். பிறகு ஒரே மூச்சில் உச்சிக்கு ஏறி, வளைந்து வளைந்து இறங்கி, பேண்டின் மடியில் வந்து விழுகிறது. அதன்பின் 12 பார் கொண்ட ஐந்து சுற்றுகள், சுற்றுக்கு 34 விநாடி வாக்கில். முதல் சுற்றில் மெட்டு, ஆலிவர் சொல்லிக்கொடுத்தபடி கிட்டத்தட்ட வெறும் மெட்டு. இரண்டாவதில் ட்ராம்போன், பின்னால் குதிரைக் குளம்பு மாதிரி ‘டொக் டொக்’ என்று ஸட்டி. மூன்றாவதில் கிளாரினெட் ஒரு வரி சொல்ல, ஆம்ஸ்ட்ராங் வாயால் பதில் பாடுகிறார். குரல் முரட்டுக் குரல் என்று பெயர் வாங்கியவர் இங்கே எவ்வளவு மெதுவாகப் பாடுகிறார் என்று பாருங்கள். நான்காவது ஹைன்ஸ்.

ஐந்தாவதில்தான் நாற்காலி நுனிக்கு வர வேண்டும். ஒரே ஒரு உச்ச ஸ்வரம், ஏறக்குறைய நான்கு பார், 10 விநாடிக்கு மேல். நடுங்குவதில்லை, சுருதி தொங்குவதில்லை. முடியும் நேரத்தில் மட்டும் ஸ்வரத்தில் மெல்ல அசைவு (வைப்ரேட்டோ) சேர்கிறது, அங்கிருந்து மடமடவென்று வரிகள் கொட்டுகின்றன. இத்தனைக்கும் இது ஒரே மெழுகில் ஒரே தடவையில் எடுக்க வேண்டிய பதிவு. வெட்டி ஒட்டும் வசதி அன்றைக்கு இல்லை.

உதட்டில் என்னதான் பிரச்சினை?

நாதஸ்வரத்தில் சீவாளி அதிரும். ட்ரம்பெட்டில் சீவாளி என்று தனியாக ஒன்றும் இல்லை, உதடுதான் சீவாளி. தேய்ந்தால் மாற்ற முடியாது.

உச்ச ஸ்வரம் எடுக்க முறையான வழி, உதட்டின் நடுத் துளையைச் சிறிதாக்கி, வயிற்றிலிருந்து காற்றை வேகமாக அனுப்புவது. குறுக்குவழி, வாத்தியத்தின் ஊதும் முனையான மௌத்பீஸை உதட்டின் மேல் அழுத்துவது. அழுத்தினால் ஸ்வரம் வந்துவிடும். ஆனால் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் நிற்கும், உதடு வீங்கும், வீங்கிய உதடு அதிராது, அதிர வைக்க இன்னும் அழுத்த வேண்டியிருக்கும். இப்படியே போய் ஒருநாள் தோல் கிழியும். ஆம்ஸ்ட்ராங் மௌத்பீஸை மேலுதட்டின் சிவந்த மென்பகுதியிலேயே பதித்து வாசித்தவர். 1930களின் தொடக்கத்தில் மேடையில் நூற்றுக்கும் மேல் ‘ஹை சி’ அடுக்கிவிட்டு, அதற்கும் மேலே ஒரு ‘எஃப்’ வைத்து முடிப்பார், அதுவும் இரவுக்கு இரவு. 1933-34இல் உதடு பலமுறை கிழிந்தது. 1934இல் பாரிஸில் மாதக்கணக்கில் ஓய்வு, 1935இல் ஊர் திரும்பிய பிறகும் சில மாதம் வாசிக்கவில்லை.

திரும்பி வந்தவரின் பாணி மாறியிருந்தது. ஓட்டம் குறைந்தது. மெட்டை அகலமாக, நிதானமாக எடுத்து, இடம்பார்த்து ஒரே ஒரு உச்ச ஸ்வரம் வைப்பார். விமர்சகர்கள் பலர் இதைச் சரிவு என்றார்கள். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. குறைவாக வாசித்து நிறையச் சொன்ன காலம் அது.

‘சாட்ச்மோ சிண்ட்ரோம்’ என்பது இதுதானா?

வாயைச் சுற்றி வளையமாக இருக்கும் தசை கிழிவதற்கு 1982இல் ஜைமே பிளானாஸ் என்ற அறுவை மருத்துவர் வைத்த பெயர் அது. அவர் பார்த்த நோயாளிகள் வேறு ட்ரம்பெட்காரர்கள். ஆம்ஸ்ட்ராங் இறந்தே 11 ஆண்டு ஆகியிருந்தது. தோல் வெடிப்பும் தசைக் கிழிசலும் ஒன்றல்ல. வெடிப்பு ஓய்வில் ஆறும். தசை கிழிந்தால் உச்ச ஸ்வரங்கள் ஒரேயடியாகப் போய்விடும், வாயோரம் காற்று ஒழுகும், உதட்டைக் குவித்தால் ஓரிடத்தில் குழி விழும், வாரக்கணக்கில் சும்மா இருந்தாலும் சரியாகாது. அப்படியானால் போக வேண்டிய இடம் மருத்துவர், களிம்புக் கடை அல்ல.

பல் போனாலும் கதை முடிந்ததுதான். உதட்டுக்குப் பின்னால் தாங்குவது முன்பற்கள். கிங் ஆலிவரின் ஈறு நோய் பற்களைத் தின்றது, வாசிப்பும் போனது. 1937இல் ஜார்ஜியாவின் சவானா நகரில் குரு தெருவில் காய்கறி விற்றுக்கொண்டிருந்ததை ஆம்ஸ்ட்ராங் பார்த்தார், கையில் இருந்த பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த ஏப்ரலில் ஆலிவர் இறந்தார்.

கைக்குட்டை, களிம்பு, வாத்தியம்: என்னென்ன வைத்திருந்தார்?

கைக்குட்டை அலங்காரத்துக்கு அல்ல. மேடை விளக்குச் சூட்டில் வியர்வை உதட்டுக்கு இறங்கினால் மௌத்பீஸ் வழுக்கும். அடுக்கடுக்காக வெள்ளைக் கைக்குட்டை வைத்திருப்பார். களிம்பு, ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் ஃபிரான்ஸ் ஷூரிட்ஸ் தயாரித்தது. பின்னாளில் ஆம்ஸ்ட்ராங் பெயரிலேயே விற்றது. ட்ரம்பெட், 1930களிலிருந்து பெரும்பாலும் பாரிஸின் செல்மர். சில ஆண்டுகள் வாசித்துவிட்டு யாருக்காவது கொடுத்துவிடுவது வழக்கம், அதனால் ‘சாட்ச்மோவின் ட்ரம்பெட்’ உலகில் ஒன்றுக்கு மேல் உண்டு. ஓசையை மட்டுப்படுத்தும் மியூட்டை மணியில் பொருத்தி வாசிப்பது ஆலிவரின் கலை. சீடர் பெரும்பாலும் திறந்த மணியோடுதான் வாசித்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஸ்விஸ் கிரிஸ் என்ற மூலிகைப் பேதி மருந்து. பார்க்கிறவர்களுக்கெல்லாம் பொட்டலம் கொடுப்பார். விளம்பர அட்டையே அடித்து வைத்திருந்தார்.

பெரிய பேண்டை விட்டு ஆறு பேர் குழுவுக்கு ஏன் வந்தார்?

கட்டுப்படியாகவில்லை. இரண்டாம் உலகப்போருக்குப் பின் 16 பேரை ஊர் ஊராக அழைத்துப்போக நடன அரங்குகளின் வசூல் போதவில்லை. 1947 மே 17 அன்று நியூயார்க் டவுன் ஹாலில் சிறிய குழுவோடு வாசித்தார், கூட்டம் கொண்டாடியது. 1935இலிருந்து அவருடைய வரவுசெலவு எல்லாம் பார்த்துவந்த மேலாளர் ஜோ கிளேசர் அந்த ஆகஸ்டிலேயே ‘ஆல் ஸ்டார்ஸ்’ குழுவை நிறுவிவிட்டார். ட்ராம்போனில் ஜாக் டீகார்டன், கிளாரினெட்டில் பார்னி பிகார்ட், டிரம்மில் சிட் கேட்லெட். ஆட்கள் மாறினார்கள், வடிவம் 1971 வரை மாறவில்லை.

இரவுக்கிரவு அதே உருப்படிகள் என்று குறை சொல்வார்கள். உண்மைதான். ‘ஸ்லீப்பி டைம் டவுன் சவுத்’தில் தொடங்கும் நிகழ்ச்சியில் பல தனி வாசிப்புகளும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். நன்றாக அமைந்த ஒன்றை ஏன் மாற்ற வேண்டும் என்பது அவர் கட்சி. உதட்டுக் கணக்கும் இதில் உண்டு. எங்கே ஏற வேண்டும், எங்கே மற்றவரை விட்டு ஓய்வெடுக்க வேண்டும் என்று வகுத்த நிகழ்ச்சி இல்லாவிட்டால் 50 வயதுக்குமேல் வருடம் முழுக்க ஊதியிருக்க முடியாது.

வெள்ளையர்களுக்குப் பல்லிளித்தார், உரிமைப் போராட்டத்தில் வாயே திறக்கவில்லை என்கிறார்களே?

1957 செப்டம்பரில் வாயைத் திறந்தார். ஆர்கன்சாவின் லிட்டில் ராக் நகரில் கறுப்பின மாணவர்களை உயர்நிலைப் பள்ளிக்குள் விடாமல் ஆளுநர் ஃபோபஸ் காவல்படையை நிறுத்தியிருந்தார். அப்போது வடக்கு டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸில் கச்சேரி. பார்க்க வந்த உள்ளூர் இளம் நிருபரிடம் குடியரசுத் தலைவர் ஐசனோவருக்குத் துணிச்சல் இல்லை என்றார், அரசு நரகத்துக்குப் போகட்டும் என்றார். அரசின் சார்பில் சோவியத் நாட்டுக்குப் போகவிருந்த பயணத்தையும் உதறினார். செய்தி நாடெங்கும் போனது. சொன்னதைத் திரும்பப் பெறச் சொன்னார்கள், பெறவில்லை. செப்டம்பர் 24 அன்று ஐசனோவர் ராணுவத்தை அனுப்பியதும் பாராட்டித் தந்தி அடித்தார்.

கலப்பினக் குழுக்கள் ஒரே மேடையில் ஏறக்கூடாது என்று 1956இல் லூசியானா சட்டம் போட்டது. அவர் குழுவில் இருவகையினரும் உண்டு. அந்தச் சட்டம் ஒழிந்த பிறகு, 1965இல்தான் பிறந்த ஊர் நியூ ஆர்லியன்ஸில் மறுபடி வாசித்தார்.

‘ஹலோ, டாலி!’ உண்மையிலேயே பீட்டில்ஸைக் கவிழ்த்ததா?

ஆமாம். 1964 மே 9 அன்று அமெரிக்க ‘பில்போர்டு’ பட்டியலில் முதலிடம். அதற்கு முன் 14 வாரம் தொடர்ந்து பீட்டில்ஸின் மூன்று பாட்டுகள் அந்த இடத்தில் இருந்தன. அவருக்கு வயது 62. நேர்மாறான கதை ‘வாட் எ வொண்டர்ஃபுல் வேர்ல்டு’. 1967இல் பதிவானபோது நிறுவனத் தலைவருக்கே பிடிக்கவில்லை, அமெரிக்காவில் விற்கவில்லை. பிரிட்டனில் 1968இல் முதலிடம் போனது. அமெரிக்கர்கள் அதைக் கண்டுகொள்ள 1987இல் ஒரு திரைப்படம் வர வேண்டியிருந்தது.

எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

1923 தட்டுகளில் தொடங்க வேண்டாம். கரகரப்பில் காது களைத்துவிடும். ‘பிளேஸ் டபிள்யூ. சி. ஹேண்டி’ தொகுப்பு, 1954, நல்ல ஒலிப்பதிவு. அதில் ‘செயிண்ட் லூயிஸ் புளூஸ்’ 9 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அடுத்து பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டோடு பாடிய 1956 தொகுப்பு. பிறகு பின்னோக்கி: 1931இன் ‘ஸ்டார்டஸ்ட்’, 1928 டிசம்பரில் ஹைன்ஸோடு இருவர் மட்டும் வாசித்த ‘வெதர் பேர்ட்’, ‘வெஸ்ட் எண்ட் புளூஸ்’, ‘பொட்டேட்டோ ஹெட் புளூஸ்’. 1925இல் பெஸ்ஸி ஸ்மித் பாட, இவர் கார்னெட்டில் பதில் சொல்லும் ‘செயிண்ட் லூயிஸ் புளூஸ்’ அதற்குப் பிறகு. கடைசியில் ஆலிவர் பேண்டு.

இணையத்தில் ஏற்றியிருக்கும் பழைய தட்டுகளில் வேகம் பிசகியிருக்கும். எல்லாத் தட்டும் சரியாக நிமிடத்துக்கு 78 சுற்றில் பதிவாகவில்லை. 6 சதவீத வேக வித்தியாசம் அரை ஸ்வரத்தைத் தூக்கிவிடும். ‘வெஸ்ட் எண்ட் புளூஸ்’ இ-ஃபிளாட்டில் இருக்க வேண்டும். உங்கள் கோப்பு ‘இ’யில் ஒலித்தால் வேகம் கூடுதல், ‘டி’யில் ஒலித்தால் குறைவு. கூட வாசித்துப் பழகுகிறவர்கள் முதலில் இதைச் சரிபார்க்காவிட்டால் வாத்தியத்தைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

ட்ரம்பெட் கற்கிறேன். அவரிடமிருந்து எதை எடுக்கலாம்?

‘சைம்ஸ் புளூஸ்’ தனி வாசிப்பில் ஆரம்பியுங்கள். நடு ஸ்தாயி, ஒரே வகை உருவம் திரும்பத் திரும்ப வரும். வாத்தியத்தைத் தொடாமல் முதலில் வாயால் பாடுங்கள். பாட வராத வரி விரலில் வராது. சுருதி மாறாமல் வேகத்தை 75 சதவீதமாக்கி, இரண்டிரண்டு பாராக எடுங்கள். எவ்வளவு நேரம் ஊதினீர்களோ அவ்வளவு நேரம் ஓய்வு. நிறுத்தியபின் உதட்டில் மௌத்பீஸ் வளையத்தின் தடம் சில நிமிடத்தில் மறைய வேண்டும். மறையாவிட்டால் அழுத்துகிறீர்கள்.

அசைவை நீள ஸ்வரத்தின் கடைசியில் மட்டும் சேருங்கள். தொடக்கத்திலிருந்தே ஆட்டினால் ஆம்ஸ்ட்ராங் போல இருக்காது, ஆம்ஸ்ட்ராங்கைக் கிண்டல் செய்வது போல இருக்கும். அவர் மௌத்பீஸ் வைத்த இடத்தை மட்டும் காப்பியடிக்காதீர்கள்.

அவர் வீட்டைப் பார்க்க முடியுமா?

நியூயார்க் குவீன்ஸ் பகுதியின் கரோனாவில், 107ஆம் தெருவில் இருக்கிறது. 1943இல் மனைவி லூசில் வாங்கிய எளிய வீடு. 1971 மார்ச்சில் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் இரண்டு வாரம் வாசித்த பிறகு உடல் விழுந்தது. ஜூலை 6 அன்று இந்த வீட்டில்தான் தூக்கத்தில் இறந்தார். 2003 முதல் அருங்காட்சியகம். பேச்சு, வேடிக்கை, வானொலி என்று அவரே பதிவுசெய்த நூற்றுக்கணக்கான ஒலிநாடாக்களும், அந்தப் பெட்டிகளின் மேல் கத்தரித்து ஒட்டிய படங்களும் பாதுகாக்கப்படுகின்றன.

அவர் வாசித்தது விண்வெளிக்குப் போனதாமே?

போயிருக்கிறது. 1977இல் ஏவிய இரண்டு வாயேஜர் கலங்களிலும் உள்ள தங்கமுலாம் தட்டில் ஹாட் செவனின் ‘மெலன்கலி புளூஸ்’ உண்டு, 1927 மே 11 பதிவு. இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கரின் ‘ஜாத் கஹா(ங்) ஹோ’வும் அதே தட்டில்தான். சில இடங்களில் ‘பொட்டேட்டோ ஹெட் புளூஸ்’ என்று எழுதியிருப்பார்கள். அது முந்தின நாள் பதிவு, தட்டில் இல்லை.